கரடுநிலஞ் செல்லும் வண்டியில் தீயணைப்பான் பொருத்துமாறு

நம்மைக் காக்குமென்று நாம் உடன்கொண்டு செல்லும் கருவி, தக்கவாறு பிணிக்கப்படாவிடின், நமக்கே பகையாய் முடிதலுங் கூடும். இவ்வுண்மையை ஓர் எளிய பொருளைக் கொண்டு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அப்பொருள், ஜீப் முதலிய வண்டிகளில் வைக்கப்படும் சிறு தீயணைப்பான். அதனை விலை கொடுத்து வாங்குவோர் பலர். வாங்கியதை வண்டியில் எவ்விடத்து, எவ்வாறு நிறுத்துவதென்று ஆராய்வோர் சிலரே. இருக்கைக்கடியில் அதனை உருட்டிவிட்டு, "நம்மிடம் தீயணைப்பான் இருக்கிறது" என்று மனந்தேறுவதே பெரும்பாலோர் வழக்கம். யானும் ஒருகாலத்தில் அவ்வழக்கத்தினனே.

சில ஆண்டுகட்கு முன் நண்பர் ஒருவரின் ஜீப் வண்டியில் நால்வர் ஒரு மலைக்காட்டுப் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். மழையால் அரிக்கப்பட்ட பாதை, வலப்புறம் பள்ளம். ஓரிடத்தில் வண்டியின் முன்பக்கம் திடீரெனத் தாழ்ந்தது. அப்போது நண்பர் பிரேக்கு மிதியை அழுத்த, அது பாதியிலேயே நின்றுவிட்டது. ஓட்டுநர் இருக்கைக்கடியிற் கிடந்த தீயணைப்பான் முன்னோக்கி உருண்டு, மிதிக்குப் பின்னே ஆப்புப் போலச் சிக்கிக்கொண்டதே அதற்குக் காரணம். வண்டி முதற் கியரில் மெல்லச் சென்றமையாலும், கைப்பிரேக்கை அவர் உடனே இழுத்தமையாலும் பள்ளத்தின் விளிம்பிற்குச் சில அடி இப்பால் நின்றோம். எவர்க்கும் ஊறில்லை. ஆயினும், அன்று எங்களைக் கொல்லப் புகுந்தது தீயன்று, தீயை அணைக்கும் கருவியே என்பதை யான் இன்னும் மறந்திலேன். அதன்பின் இப்பொருளைப் பற்றிக் கற்றவற்றையும், செய்து கண்டவற்றையும் ஈண்டு முறைப்படக் கூறுவேன்.

1. தீ எங்ஙனம் பிறக்கிறது?

நல்ல சாலையில் ஓடும் வண்டியைவிடக் கரடுநிலத்தில் ஓடும் வண்டிக்குத் தீயின் அபாயம் மிகுதி. இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, இடைவிடாத அதிர்ச்சி. பெட்ரோல் செல்லும் இரப்பர்க் குழாய் இரும்பு விளிம்போடு நாள்தோறும் உராய்ந்து தேய்கிறது; ஒருநாள் கசிகிறது. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானதாகலின் மேலே பறந்து போகாது தாழ்ந்த இடங்களிற் படிந்து, ஒரு பொறிக்குக் காத்திருக்கிறது. இரண்டாவது, காய்ந்த புல். புல்வெளியிற் செல்லும்போது வண்டியினடியில் புல்லும் சருகும் செருகிக்கொள்கின்றன. அங்கே கழிவுப்புகைக் குழாயும், புகையைத் தூய்மை செய்யும் கலமும் பல நூறு பாகை வெப்பத்தில் இருக்கின்றன. வண்டி நின்ற பின்னரே சருகு பற்றிக்கொள்வதும் உண்டு. மூன்றாவது, பிற்காலத்திற் சேர்த்த மின்கம்பிகள். கூடுதல் விளக்கு, வண்டியை இழுக்கும் வின்ச்சு முதலியவற்றிற்காக உரிமையாளர் தாமே இழுக்கும் கம்பிகளில் பலவற்றிற்கு உருகியிழைக் காப்பு இருப்பதில்லை. உறை தேய்ந்து கம்பி உடற்சட்டத்தைத் தொட்டவுடன் பொறி எழுகிறது.

இவற்றோடு நான்காவதாகத் தூரத்தையும் எண்ணுக. நகரத்தில் தீயணைப்பு நிலையத்தார் வந்து உதவக்கூடும். காட்டிலும் பாலையிலும் வண்டியிலுள்ளாரே தீயணைப்பு நிலையத்தார். அவர்க்குரிய தண்ணீர்த் தொட்டியும் படையும் அச்சிறு உருளையே. இத்தகைய வண்டிக்கு 2 கிலோகிராம் உலர்பொடி கொண்ட உருளை ஏற்றது. திண்பொருள், எண்ணெய், வாயு ஆகிய மூவகைத் தீக்கும் உரிய பொடியை அதிலே அடைத்து விற்கின்றனர். அதனுள் உள்ளது ஏறத்தாழப் பத்து விநாடிக்குரிய பொடியேயாம். பத்து விநாடி வேலை செய்யும் கருவியைத் தேடுவதிலும் அவிழ்ப்பதிலும் ஒரு நிமிடத்தைச் செலவழிப்பவன், தீ சிறிதாயிருந்த காலத்தை இழந்துவிடுகிறான்.

எனவே, கட்டு இரண்டு குணங்களை ஒருங்கே உடையதாதல் வேண்டும். வண்டி மோதினும் கவிழினும் விடாது பற்றுதல் ஒன்று; ஒரு கை தொட்டவுடன் விடுதல் மற்றொன்று. இவை தம்முள் மாறுபட்டன போலத் தோன்றும். இவ்விரண்டையும் இணக்குதலே இத்தொழிலின் சாரம்.

2. கட்டின்மேல் விழும் விசை

பௌதிக வகுப்பிற் படித்ததை இங்கே சற்று நினைவு கூர்வோம். 2 கிலோகிராம் பொடி கொண்ட எஃகு உருளை, தலையும் கைப்பிடியும் சேர ஏறத்தாழ 3.5 கிலோகிராம் நிறையுடையது. வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திற் சென்று ஒரு மரத்தில் மோதுகிறதெனக் கொள்வோம். வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 13.9 மீட்டர். வண்டியின் முன்பாகம் அரை மீட்டர் நசுங்கி நிற்குமாயின், வேகத்தின் வர்க்கத்தை இருமடங்கு தூரத்தால் வகுக்க, வேகக்குறைவு விநாடிக்கு விநாடி 193 மீட்டராகிறது. இது புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. 3.5 கிலோகிராம் உருளை அக்கணத்தில் 70 கிலோகிராம் பாரமாய்த் தன் கட்டை இழுக்கும் என்பது இதனாற் பெறப்படும்.

கட்டு அறுந்தால் நிகழ்வது யாது? உருளை அதே 50 கிலோமீட்டர் வேகத்தோடு முன்னோக்கிப் பறக்கும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றடுக்கு மாடியின் உச்சியிலிருந்து, அவ்வுருளையைக் கீழே நிற்பவன் தலைமேற் போட்டால் என்ன ஆற்றலோடு விழுமோ, அதே ஆற்றலோடு அது முன்னிருக்கையில் இருப்பவன் பிடரியைத் தாக்கும்.

பாலைவனங்களிலும் மலைகளிலும் வண்டிப் பந்தயம் நடத்தும் சர்வதேச மோட்டார் சம்மேளனமாகிய எஃப்.ஐ.ஏ., இதனை நன்கறிந்து விதி வகுத்துள்ளது. பந்தய வண்டியில் தீயணைப்பானின் பிணைப்பு புவியீர்ப்பின் 25 மடங்கு வேகக்குறைவைத் தாங்கவேண்டும். விரைவில் அவிழும் உலோகப் பூட்டுடைய உலோகப் பட்டைகள் குறைந்தது இரண்டு இருக்கவேண்டும் என்பன அவ்விதிகளுட் சில. 3.5 கிலோகிராமை 25 ஆற் பெருக்க 87.5 கிலோகிராம் வருகிறது. நன்கு வளர்ந்த ஒரு மனிதனின் நிறை இது. ஆகவே நாம் மனத்திற் கொள்ளவேண்டிய அளவுகோல் எளியது: ஓர் ஆள் தொங்கினும் கட்டு அசையலாகாது, அதே கட்டு ஒரு கையால் அவிழவேண்டும்.

இவ்வளவுகோலைக் கொண்டு பார்த்தால், உருளையோடு இனாமாகக் கிடைக்கும் மெல்லிய தகட்டுக் கொக்கி எதற்கென்பது விளங்கும். அது அசையாத சுவரில் மாட்டுதற்கு உரியது; துள்ளும் வண்டிக்கு உரியதன்று. ஒட்டுப்பட்டையும் இரப்பர் வாரும் அத்தன்மையனவே. புதிதாயிருக்கும்போது இறுகப் பற்றுவது போலத் தோன்றினும், வெயிலிலும் புழுதியிலும் அவை நாளடைவில் வலியிழக்கின்றன. கயிற்றாற் கட்டுவதோ இரு குணத்திற்கும் கேடு: மோதும்போது நழுவும், தீயின்போது முடிச்சு அவிழாது.

3. இடந் தேர்தல்

இடத்தைத் தேர்வதற்கு முன் இருக்கையில் அமர்ந்து, இருக்கைவாரைப் பூட்டிக்கொள்க. அந்நிலையில் கை எட்டும் இடங்களே முதற்கண் ஆராயத்தக்கன. பின்பு கீழே இறங்கி நின்று, கதவு வழியாகவும் அவ்விடம் எட்டுகிறதா எனப் பார்க்க. தீ தோன்றியபோது ஓட்டுநன் உள்ளே இருப்பானோ வெளியே நிற்பானோ, யார் அறிவர்?

இவ்வகையில் மூன்று இடங்கள் சிறந்தன. ஒன்று, முன்னிருக்கையின் முன் விளிம்பிற்குக் கீழே, குறுக்கு வாட்டமாக. இருக்கையைத் தளத்தோடு பிணிக்கும் போல்ட்டுகளையே பற்றுக்கோடாகக் கொண்ட தாங்கிச் சட்டங்கள் இதற்காகச் செய்யப்படுகின்றன. ஓட்டுநர் இருக்கையின் முன்னே மிதிகள் இருப்பதால், பக்கத்து இருக்கையின் முன்புறமே நன்று. இரண்டு, கவிழ்ந்தாற் காக்கும் வளைகுழாய்ச் சட்டத்தில், முன்னிருக்கைகளுக்குப் பின்னே. மூன்று, பின்கதவின் உட்புறம். இது பின்னிருந்து எடுத்தற்கு எளிதெனினும் ஓட்டுநனுக்கு எட்டாது. ஆதலின் இரண்டாவது உருளைக்கே இவ்விடம் ஏற்றது.

விலக்கத்தக்க இடங்களும் உள. முகப்புப் பலகையின்மேல் வெயில் நேரே காய்வதால் உருளையிற் குறித்த வெப்ப எல்லை கடத்தல் கூடும். எஞ்சின் அறையில் வைப்பது, தீ பிறக்கும் இடத்திலேயே காவலனைப் படுக்க வைப்பதாகும். காற்றுப்பை விரியும் வழியிலும், தலையும் முழங்காலும் மோதக்கூடிய இடத்திலும் வைத்தலாகாது. சாமான்களுக்கு அடியிற் புதைத்தலும் ஆகாது.

இடந்தேர்தலில் முன்னோர் காட்டிய கவனத்திற்கு ஒரு சான்று கூறலாம். இரண்டாம் உலகப் போரில், 1941 முதல் அமெரிக்கச் சேனைக்காகச் செய்யப்பட்ட ஜீப்பில் ஒரு குவார்ட்டு அளவுள்ள பித்தளைக் கைப்பம்புத் தீயணைப்பானை, ஓட்டுநனின் இடக்காலுக்கு அப்பால், உடற்கூட்டின் உட்பக்கத் தகட்டிற் பொருத்தினர். இடப்புறம் இருந்து ஓட்டும் வண்டியாதலின், ஓட்டுநன் குனிந்தால் எட்டும். வெளியே நிற்பவனும் கதவற்ற வாயில் வழியாக எடுக்கலாம். இடம் நல்லதே, உள்ளிருந்த பொருள்தான் தீது. கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் அத்திரவம் கொதிக்கும் உலோகத்திற் படும்போது பாஸ்ஜீன் என்னும் நச்சுவாயு தோன்றும். முதல் உலகப் போரில் மனிதரைக் கொல்லப் பயன்பட்ட வாயு அது. அதனால் அவ்வகை பின்னாளிற் கைவிடப்பட்டது. பழைய வண்டிகளைப் பேணுவோர் அவ்வித உருளையை அழகுக்கு வைக்கலாமன்றி, ஆபத்தில் தொடலாகாது.

4. பற்றுங் கருவி

நல்ல பிணைப்பில் மூன்று உறுப்புகள் உள்ளன: வண்டியைப் பற்றும் பகுதி, உருளையைப் பற்றும் பகுதி, இவ்விரண்டிற்கும் இடையே விரைவில் விடும் பூட்டு.

உருளையைப் பற்றும் உலோகப் பட்டைகள் இரண்டும், ஒன்று மேல்மூன்றிலொரு பாகத்திலும் மற்றொன்று கீழ்மூன்றிலொரு பாகத்திலும் அமைதல் நன்று. இரண்டும் நடுவிலே நெருங்கி நின்றால் உருளை ஊசல்போல ஆடும். பட்டை எவ்வளவு இறுகினும் வழவழப்பான உருளை அதன் நீளவாட்டத்தில் வழுக்கி வெளியேறும் இயல்புடையது. நீர்மூழ்கியினின்று டார்ப்பிடோ பாய்வது போன்றதாகலின், பந்தயக்காரர் இதனைத் தடுக்கும் நாக்குகளை டார்ப்பிடோத் தடைகள் என்பர். உருளையின் அடியிலும் தோளிலும் சிறு வளைவுத் தகடு ஒன்று குறுக்கே நின்றாற் போதும். உருளையை வண்டி செல்லும் திசைக்குக் குறுக்காகப் படுக்கவைத்தால், நேர் மோதலின் விசை பட்டைகளின் அகலத்தின்மேல் விழும். நீளவாட்டமாக வைத்தால் தடை நாக்கின்மேல் மட்டுமே விழும். ஆதலின் குறுக்கு வாட்டமே சிறந்தது. ஆயினும் வண்டி கவிழும்போது விசை எத்திசையினின்றும் வருமாகலின், தடை நாக்கு எவ்வாட்டத்திலும் வேண்டற்பாலதே.

குழாய்ச் சட்டத்திற் பொருத்துவோர் இரண்டு செய்திகளை நோக்குக. முதலாவது, அக்குழாயின்மேல் தலை அடிபடாதிருக்கப் பஞ்சு உறை போர்த்தியிருப்பர். உறையின்மேல் கவ்வியை இறுக்கினால் பஞ்சு அமுங்கி, சில நாளிற் கவ்வி தளரும். உறையை வேண்டுமளவு விலக்கி, வெறுங்குழாயின்மேல், மெல்லிய இரப்பர்த் தகடொன்றை இடையிட்டு இறுக்குதல் வேண்டும். இரண்டாவது, உருளையின் மையம் குழாயின் மையத்திலிருந்து 10 சென்டிமீட்டர் விலகி நிற்பின், மோதலின்போது நெம்புகோல் நியாயத்தால் கவ்வி குழாயைச் சுற்றித் திரும்ப முயலும். ஒற்றைக் கவ்வி இதற்குப் போதாது. உருளை குழாயை எவ்வளவு ஒட்டி நிற்கிறதோ அவ்வளவு நன்று. இரண்டு கவ்விகள் இடைவெளி விட்டு நிற்றல் இன்னும் நன்று. எக்காரணத்தாலும் அக்குழாயிற் துளையிடலாகாது. உயிர்காக்கும் சட்டத்தைத் துளையிட்டு நலிவிப்பது பேதைமை.

விடும் பூட்டு, வளையமிட்ட ஊசியை இழுத்தவுடன் திறப்பதாகவோ, நெம்புபிடியைத் தூக்கியவுடன் திறப்பதாகவோ இருக்கலாம். எதுவாயினும் சாமான் உரசியோ, பின்னிருப்பவர் கால் பட்டோ தானே திறவாதிருக்க வேண்டும். ஊசியைச் சிறு கம்பியாற் சட்டத்தோடு இணைத்துவிட்டால் அது தொலையாது.

5. துளையிடுமுன்

தளத்தில் துளையிட்டே தீரவேண்டுமாயின், முதலில் வண்டிக்கடியிற் படுத்து நோக்குக. பெட்ரோல் தொட்டி, பெட்ரோற் குழாய், பிரேக்கு எண்ணெய்க் குழாய், மின்கம்பித் தொகுதி ஆகியவற்றுள் ஏதேனும் துளைக்கு நேர்கீழே இருத்தல் கூடும். தீயணைப்பானைப் பொருத்தப்போய்த் தீயை உண்டாக்குவது நகைப்பிற்குரியதாகும்.

இங்கே பலரும் தவறும் ஓரிடம் உண்டு. கட்டு வலிதாதற்குப் பெரிய போல்ட்டு வேண்டுமென எண்ணுகின்றனர். தலையில் 8.8 எனப் பொறித்த 8 மில்லிமீட்டர் போல்ட்டு ஒன்றே 2 டன்னுக்கு மேற்பட்ட இழுவையைத் தாங்கும். நமக்கு வேண்டியதோ நூறு கிலோகிராமிற்குட்பட்டது. ஆகவே போல்ட்டு அறுவதில்லை; ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிப்பே உள்ள தளத்தகடுதான் போல்ட்டின் தலையைச் சுற்றிக் கிழிகிறது. தளத்தின் அடியில் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள எஃகுத் தகட்டை, உள்ளங்கை அகலத்திற்குக் குறையாமல், ஆதரவாக வைத்து இறுக்கினால் விசை பரந்து விழும். தகட்டில் தானே மரைவெட்டிச் செல்லும் சிறு திருகாணிகளை அறவே விலக்குக. அதிர்ச்சியில் முதலில் கழல்வன அவையே. நைலான் வளையமுள்ள நட்டுகளை உபயோகித்தால் தாமே தளரா. துளையின் விளிம்பிற்கு வர்ணம் பூசி, நீர் புகாதபடி பசையிட்டு அடைக்க. ஓடையைக் கடக்கும் வண்டியில் துருவே மெல்லக் கொல்லும் பகை.

இருக்கைப் போல்ட்டோடு சேர்த்துப் பொருத்துவோர், இடையிற் புகுந்த சட்டத்தின் தடிப்பால் போல்ட்டின் பிடிப்பு நீளம் குறைகிறதா என்று பார்க்கவேண்டும். குறையின், அதே வலிமைக் குறியுள்ள சற்று நீண்ட போல்ட்டையிட்டு, வண்டி நூலிற் சொன்ன முறுக்களவிற்கு இறுக்குக. இருக்கை முன்னும் பின்னும் நகர்வதற்கும், அதனடியிற் செல்லும் காற்றுப்பைக் கம்பிகளுக்கும் இடையூறு நேரலாகாது.

6. சோதனையும் பேணுதலும்

வேலை முடிந்தபின் மூன்று சோதனைகள் செய்க. முதலாவது, உருளையை இரு கையாலும் பற்றி, முன் பின், வலம் இடம், மேல் கீழ் என ஆறு திசையிலும் உடற்பாரம் முழுவதையும் கொடுத்து இழுக்க. எத்திசையிலும் ஆட்டம் காணின் அது தேறவில்லை. இரண்டாவது, இருக்கைவாரைப் பூட்டி, கண்ணை மூடி, ஒரு கையால் உருளையை விடுவித்து மடியிற் கொள்க. ஐந்து விநாடிக்குள் இயலவில்லையேல் இடமோ பூட்டோ மாறவேண்டும். கண்ணை மூடச் சொல்வது விளையாட்டன்று. புகை சூழ்ந்தபின் கண் பயன்படாது. வண்டியில் வழக்கமாய் வரும் மனைவி, மக்கள், நண்பர் ஒவ்வொருவரும் இதனைச் செய்து பழகுதல் வேண்டும். மூன்றாவது, கரடான பாதையிற் சில மைல் ஓட்டி வந்து, மீண்டும் ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்க்க. நட்டிலிருந்து தகடு வரை வர்ணத்தால் ஒரு நேர்கோடு இழுத்து வைத்தால், பின்னர் நட்டு இம்மி திரும்பினும் கோடு முறிந்து சாட்சி சொல்லும்.

திங்கள்தோறும் அழுத்தமானியின் முள் பச்சைக் கூறில் நிற்கிறதா, காப்பூசியும் முத்திரையும் உள்ளனவா என்று காண்க. அதிர்ச்சியாற் பொடி ஒருபுறமாய்ப் படிந்து இறுகுமாதலின், உருளையை அவ்வப்போது கழற்றித் தலைகீழாய்க் கவிழ்த்துக் குலுக்குதல் நன்று. இதனால் பூட்டும் துருவேறாது பழகும். இந்தியாவில் வாங்குவோர் ஐ.எஸ். 15683 என்னும் தரக்குறி உள்ளதா என்பதையும் நோக்குக.

உபயோகிக்கும் முறையையும் ஒரு சொல்லிற் கூறிவிடுவேன். எஞ்சினை நிறுத்தி, அனைவரையும் முதலில் இறக்குக. காற்று வீசும் புறத்தில் நின்று, சுடரின் உச்சியையன்று, அடியை நோக்கிப் பொடியை வீசுக. முன்மூடியை முழுதும் திறவாதீர்; சிறிதே தூக்கிய இடைவெளி வழியே அடிக்க. இன்றேல் காற்றுப் புகுந்து தீ ஓங்கும். உருளை தீர்ந்தும் தீ நில்லாவிடின் விலகி ஓடுக. வண்டியை மீண்டும் வாங்கலாம்.

7. முடிவுரை

என் நண்பரின் வண்டியில் இப்போது தீயணைப்பான் பக்கத்து இருக்கையின் முன்னே குறுக்காக, இரண்டு பட்டைகளுக்குள், எஃகுத் தகட்டின்மேல் அமர்ந்திருக்கிறது. வேலை முடிந்த அன்று அவரும் யானும் முறைமுறையாய் அதைப் பற்றித் தொங்கியிழுத்தோம், அசையவில்லை. பின்பு பத்து வயதான அவர் மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரே கையால் ஊசியை இழுத்தாள். உருளை அவள் மடியில் வந்து விழுந்தது. அதன் கனம் கண்டு அவள் வியந்து, "இதுவா அன்றைக்கு உங்கள் காலடியில் உருண்டது?" என்று தன் தந்தையைக் கேட்டாள். அவர் மறுமொழி கூறவில்லை. பூட்டை மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார்.

இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களுள்ளும், கல்லூரியை விட்டுச் சென்று மலைத்தோட்டங்களிலும் காடுகளிலும் பணிபுரியும் பழைய மாணவர்களுள்ளும் வண்டியுடையார் பலர் இருப்பர். அவர்கள் அடுத்த பிரயாணத்திற்கு முன் தம் வண்டியின் உருளையைக் கையாற் பற்றி ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்களாயின், இக்கட்டுரை எழுதிய பயனை யான் பெற்றேனாவேன்.